மறதிக்கு ஒரு ஸஜ்தா

(நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில், காவேரிப்பாக்கத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 



இந்த மேடையில் ஒவ்வொரு வருடமும் ஒரே பேச்சைத்தான் பேசுவோம். நன்றாகப் படியுங்கள், முதல் மதிப்பெண் வாங்குங்கள், குடும்பத்துக்கும் சமுதாயத்துக்கும் பெருமை சேருங்கள் என்போம். அது தவறான பேச்சு அல்ல. ஆனால் இந்த வருடம் வேறு ஒன்றைப் பேச வேண்டும் என்று மனம் சொல்கிறது. அதை நம்மிடமிருந்தே தொடங்குகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் மௌத்தாகிவிட்டார். காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, கட்டணத்துக்கு உதவி வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தார். பார்த்தோம். ரேஷன் அட்டையில் தகப்பனார் பெயர் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருந்தது. நம் வீடுகளில் இது சகஜம். ஒரே பெயரை உருதுவில் ஒருவர் எழுதுவார், தமிழில் ஒருவர் எழுதுவார், ஆங்கிலத்தில் மூன்றாவது ஆள் அவர் காதில் விழுந்தபடி எழுதுவார். நாம் என்ன செய்தோம்? சரி செய்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினோம். அவர் அரை நாள் சம்பளத்தை இழந்து தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தார். மறுபடி வந்தார். வருமானச் சான்றிதழில் தேதி பழையதாக இருந்தது. மறுபடி அனுப்பினோம்.

அந்த வருடம் நம் கோப்புகள் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. தணிக்கைக்கு வந்தவர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி போய்விட்டது. ஒரு வருடம் வீட்டில் இருந்தாள்.

இதைவிட வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் நாம் எழுதியது: விண்ணப்பதாரர் உரிய ஆவணங்களைத் தராததால் பரிசீலிக்கப்படவில்லை. ஒரு வரி. படிப்பவர்களுக்கு அந்தத் தாயின் அலட்சியம் போலத் தெரியும். நம் மீது ஒரு கறையும் விழாது. இங்கே ‘நாம்’ ‘நாம்’ என்று பேசுகிறோமே, அது பேச்சு மரியாதை. அந்த வரியை எழுதிய பேனா எந்தக் கையில் இருந்தது என்பது அல்லாஹ்வுக்கும் தெரியும், இந்த மேடையில் நிற்கிறவருக்கும் தெரியும்.

அந்தத் தாயிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறோம். இதைச் சொல்லாமல் இந்த வருடம் வேறு எதையும் பேச நமக்குத் தகுதி இல்லை.

பெரியோர்களே, நாம் ஏன் அப்படிச் செய்தோம்? கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு குறைகூட இருக்கக் கூடாது என்ற எண்ணத்தில் செய்தோம். பிள்ளைகள் ‘பர்ஃபெக்ட்’ என்கிறார்களே, அந்த ஆசை. பார்க்க அது நல்ல குணம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆசைக்கு உள்ளே கையை விட்டுப் பார்த்தால், அடியில் ஒரு பயம் இருக்கிறது. நாளைக்கு யாராவது நம்மைக் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற பயம். வேலை நன்றாக நடக்க வேண்டும் என்பது ஒன்று. நம் பெயருக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்பது வேறு ஒன்று. இரண்டும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வருவதால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

இப்போது நம் தீன் இதைப் பற்றி என்ன சொல்லித் தருகிறது என்று பார்ப்போம். தூரம் போக வேண்டாம். தினமும் ஐந்து வேளை நாம் நிற்கிற தொழுகையிலேயே பாடம் இருக்கிறது.

புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் வருகிற செய்தி இது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் லுஹரோ அஸரோ தொழவைக்கும்போது இரண்டு ரக்அத்திலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். எழுந்து போய்ப் பள்ளிவாசலில் இருந்த ஒரு மரத்தின் மீது சாய்ந்து நின்றார்கள். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியவர்களே அங்கே இருந்தார்கள். ஆனால் பேசத் தயங்கினார்கள். கை நீளமாக இருந்ததால் துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒருவர்தான் கேட்டார்: தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, தாங்கள் மறந்துவிட்டீர்களா? நபியவர்கள் இரண்டும் இல்லை என்றார்கள். பிறகு மற்றவர்களிடம் விசாரித்தார்கள். அவர் சொல்வது உண்மை என்று தெரிந்ததும், விடுபட்டதைத் தொழுதார்கள், இரண்டு ஸஜ்தா செய்தார்கள்.

அவ்வளவுதான். கேட்டவரைக் கடிந்துகொள்ளவில்லை. முழுத் தொழுகையையும் முதலிலிருந்து தொடங்கவில்லை. நடந்ததை யாரும் வெளியில் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் செய்தி நம் கைக்கு வந்திருக்குமா? இன்னொரு சமயம் ஒரு ரக்அத்து கூடிவிட்டபோது, தாமும் மனிதரே என்றும், மற்றவர்கள் மறப்பது போலத் தாமும் மறப்பதுண்டு என்றும், அப்போது நினைவூட்டுமாறும் அவர்களே சொன்னதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

படைப்புகளில் சிறந்தவர்களுடைய தொழுகையில் ஒரு மறதியை அல்லாஹ் ஏன் நிகழச் செய்தான்? நமக்குச் சட்டம் கிடைக்க வேண்டும் என்பதற்காக என்று உலமாக்கள் சொல்வார்கள். நினைத்துப் பாருங்கள். தொழுகையைக் கடமையாக்கிய அதே இறைவன், அதில் நாம் தவறுவோம் என்று தெரிந்து, அந்தத் தவறுக்கும் தொழுகைக்குள்ளேயே ஓர் இடம் வைத்துவிட்டான். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஸஜ்தா ஸஹ்வு, மறதிக்கான ஸஜ்தா.

மதரஸாவில் ஃபிக்ஹுக் கிதாபு ஓதியபோது இதை மூன்றாகப் பிரித்து உஸ்தாது சொல்லித் தந்தது நினைவிருக்கிறது. நம் ஹனஃபி மத்ஹபில் இப்படி. ருகூஃ, ஸஜ்தா போன்ற ஃபர்ளு விடுபட்டு, அந்தத் தொழுகையிலேயே அதைச் செய்யாமல் விட்டுவிட்டால், தொழுகை கூடாது. திரும்பத் தொழ வேண்டும். நான்கு ரக்அத்துத் தொழுகையில் நடு இருப்பை மறந்து எழுந்துவிட்டது, வித்ரில் குனூத்தை மறந்தது போல வாஜிபு விடுபட்டால், கடைசி அத்தஹிய்யாத்து ஓதி, ஒரு பக்கம் ஸலாம் கொடுத்து, இரண்டு ஸஜ்தா செய்து, மறுபடி அத்தஹிய்யாத்து ஓதி முடித்துக்கொள்ளலாம். தொழுகை நிறைவேறும். ஸனா மறந்துவிட்டது, ருகூவில் தஸ்பீஹ் குறைந்துவிட்டது என்பது போல சுன்னத்து விடுபட்டால் அந்த ஸஜ்தாகூட வேண்டாம். நன்மை குறைந்தது, அடுத்த முறை கவனமாக இரு, போ.

இன்று வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்வது இந்த ஒன்றைத்தான். தவறுகள் எல்லாம் ஒரே எடை அல்ல. திரும்பச் செய்ய வேண்டிய தவறு உண்டு. சரிக்கட்டிவிட்டு மேலே போக வேண்டிய தவறு உண்டு. விட்டுவிட்டு நடக்க வேண்டிய தவறும் உண்டு. குறையே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர் எல்லாவற்றையும் ஃபர்ளாக்கி, சிறிய விடுபடலுக்கும் முதலிலிருந்து தொடங்குகிறார். பொறுப்பில்லாதவர் எல்லாவற்றையும் சுன்னத்தாக்கி, பெரிய தவறையும் கண்டுகொள்ளாமல் போகிறார். நம் அலுவலகத்தில் என்ன நடந்தது? பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததை ஃபர்ளாக்கினோம். ஒரு யதீம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை சுன்னத்தாக்கிவிட்டோம்.

ஸஜ்தா ஸஹ்வு மறதிக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வாஜிபை வேண்டுமென்றே விட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே, நாங்கள் அப்படித்தான், எங்கள் குணம் இது, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மனைவியிடம் கத்துகிறவரும், கூலியை இழுத்தடிக்கிறவரும் இந்தப் பேச்சைத் துணைக்கு அழைக்க முடியாது. அடியார்களின் ஹக்கு இருக்கிற இடத்தில், குறையை ஒப்புக்கொள்வது என்றால் உரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்பதும், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும்தான்.

இந்த மண்ணில் தோல் தெரியாத வீடு குறைவு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுக நம் ஆட்கள் தோலோடு வாழ்ந்தவர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலிருந்து இன்று வரை, தோலைத் தரம் பிரிக்கிற வேலையைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது உடனே புரியும்.

தரம் பிரிப்பவர் வெளிச்சத்தில் தோலை விரித்துப் பார்க்கிறார். உண்ணி கடித்த தடம் இருக்கும். முள்வேலி கீறிய கோடு இருக்கும். சூடு போட்ட தழும்பு இருக்கும். அம்மைத் தழும்பு இருக்கும். மாடு வெயிலிலும் புதரிலும் வாழ்ந்திருக்கிறது, அந்த வாழ்க்கை தோலில் எழுதியிருக்கிறது. இவை ஒரு ரகம். உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, உப்புச் சரியாகப் போடாததால் அழுகி மயிர் கழன்ற இடம், இவை வேறு ரகம். இவை மனிதக் கவனக் குறைவு. முன்னதை யாரும் குற்றம் சொல்வதில்லை. பின்னதற்குப் பொறுப்பு கேட்பார்கள். தரம் பிரிப்பவருக்கு இரண்டின் வித்தியாசமும் விரல் நுனியில் தெரியும்.

ஒரு தடம் இருக்கிறது என்பதற்காக முழுத் தோலையும் தூக்கி எறிகிற தரம் பிரிப்பவரை நாம் பார்த்ததில்லை. வெட்டுகிற தொழிலாளி என்ன செய்கிறார்? தடம் இருக்கிற இடத்தைக் குறித்துக்கொள்கிறார். காலணியின் முன்பக்கத்துக்கு வேண்டிய துண்டை நல்ல பகுதியில் வைத்து வெட்டுகிறார். தடமுள்ள பகுதியை நாக்குக்கும் மடிப்புக்குள் போகிற இடத்துக்கும் திருப்புகிறார். குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இதைச் செய்ய முடியும். தெரியாத மாதிரி வெட்டினால் தடம் சரியாகக் கால் விரல் மேல் வந்து உட்காரும்.

இன்னொரு வழியும் உண்டு. மேற்பரப்பையே தேய்த்து எடுத்துவிட்டு, மேலே கனமாக நிறம் ஏற்றி, இயந்திரத்தில் செயற்கையாக வரி அச்சடித்துவிடலாம். ஒரே சீராக, பளபளப்பாக இருக்கும். அதற்கும் சந்தை இருக்கிறது, அது ஒன்றும் மோசடி அல்ல. ஆனால் தொழில் தெரிந்தவர்கள் அதிக விலை கொடுப்பது மேல்தோல் தேய்க்கப்படாமல் இயற்கையான வரியோடு இருக்கும் தோலுக்குத்தான். அது மூச்சு விடும், உழைக்கும். தோலுக்குத் தெரிந்த இந்த நியாயத்தை மட்டும் நாம் மனிதனுக்குக் கொடுப்பதில்லை. நம் பிள்ளையைத் தேய்க்கிறோம், நம்மையே தேய்த்துக்கொள்கிறோம், மேலே பூச்சு போட்டு ஊருக்குக் காட்டுகிறோம். நாம் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிய அந்த ஒரு வரியும் பூச்சுதான்.

இந்தப் பிடிவாதம் இபாதத்திலும் புகுந்துவிடுகிறது. சில இளைஞர்கள் ஹவுளில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரே கையைப் பத்து முறை கழுவுவார்கள். தக்பீர் கட்டுவார்கள், விடுவார்கள், மறுபடி கட்டுவார்கள். ஜமாஅத்து ஒரு ரக்அத்து முடிந்திருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அல்லது பக்திமான் என்கிறார்கள். இரண்டும் தவறு. அந்தப் பிள்ளை உள்ளே வதைபட்டுக்கொண்டிருக்கிறான். இதற்கு நம் முன்னோர்கள் வைத்த பெயர் வஸ்வாஸ்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. முத் என்பது இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சந்தேகம் போக்கிவிடாது என்பது ஃபிக்ஹில் அடிப்படை விதி. உளூ செய்தது உறுதி என்றால், முறிந்ததா என்ற சந்தேகம் அதை முறிக்காது. மார்க்கம் இவ்வளவு எளிதாக்கி வைத்த இடத்தில் நாம் ஏன் கஷ்டத்தைத் தேடிப் போக வேண்டும்? இந்த மார்க்கம் எளிதானது, அதைக் கடினமாக்கிக்கொள்பவரை அது மிகைத்துவிடும் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது.

சிலருக்கு இது புத்திமதியால் தீராது. பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, ஹிஜ்ரி கணக்கில் மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்து கி.பி. 934-இல் மறைந்தவர். உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்து அவர் எழுதிய நூலில், கோபம், துக்கம், பயம் ஆகியவற்றோடு வஸ்வாஸையும் மனத்தின் நோயாக வைத்துத் தனியே விளக்கினார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம் அறிஞர்கள் இதை ஈமானின் குறை என்று ஒதுக்கிவிடவில்லை, மருந்து தேட வேண்டிய நோய் என்றார்கள். ஆகவே வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள், ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடவும் வேண்டாம். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பக்கத்திலேயே வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருகிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை 540 வாங்கியிருக்கும். முதல் கேள்வி என்ன? பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு? அடுத்த கேள்வி, மீதி 60 எங்கே? அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் தம் காலத்தில் எவ்வளவு வாங்கினார் என்று பிள்ளைக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டோம். நம் தோல்விகளை எல்லாம் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நம் வெற்றியை மட்டும் காட்டுகிறோம். பிள்ளை என்ன நினைக்கும்? இந்த வீட்டில் தவறியவர் யாருமே இல்லை, நான் ஒருவன்தான் என்று நினைக்கும். தவறு செய்த பிறகு எங்கே போவது என்று தெரியாத பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தேர்வு முடிவுக்குப் பிறகும் என்ன மாதிரிச் செய்திகள் பத்திரிகையில் வருகின்றன என்று உங்களுக்குத் தெரியும். அதை இந்த மேடையில் விரிக்க வேண்டாம்.

நம் பள்ளிவாசலிலேயே ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. ரமளானில் தராவீஹ் தொழவைக்க ஹாஃபிழ் நிற்கிறார். முழுக் குர்ஆனையும் நெஞ்சில் வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் இன்னொரு ஹாஃபிழை நிறுத்துகிறோம். எதற்கு? ஓர் ஆயத்தில் தடுமாறினால் லுக்மா கொடுக்க. இதை யாராவது அவமானம் என்கிறோமா? இமாமைப் பற்றிக் குறைவாக நினைக்கிறோமா? லுக்மா வாங்கிக்கொண்டு ஓதிக்கொண்டே போகிறார், தொழுகையும் நடக்கிறது.

முதன்முதலாகத் தராவீஹ் நின்ற ஒரு சின்னப் பையன், மூன்று இடத்தில் லுக்மா வாங்கினான். மறுநாள் வரமாட்டேன் என்று வீட்டில் படுத்துக்கொண்டான். ஹஜ்ரத் அவன் வீட்டுக்கே போனார்கள். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. “நான் முதல் வருஷம் எத்தனை வாங்கினேன் தெரியுமா? எண்ணினவங்க எண்ணிக்கையை விட்டுட்டாங்க. வா, போகலாம், உங்க அம்மா வேற டீ போட்டுட்டாங்க, குடிச்சிட்டுப் போகலாம்” என்றார்கள். பையன் எழுந்து வந்தான். அந்த வருடம் கத்மு முடித்தான். ஹஜ்ரத் தம் தவறைச் சொன்னதுதான் அந்தப் பிள்ளையை எழுப்பியது. நம் வீடுகளில் அந்த லுக்மாவுக்கு ஆள் இருக்கிறதா? கணவர் தடுமாறினால் மனைவி சொல்லலாமா? தகப்பனார் தவறினால் மகன் எடுத்துச் சொல்லலாமா? அறக்கட்டளைச் செயலாளர் தவறினால் சொல்ல யாராவது பின்னால் நிற்கிறார்களா?

தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. காலையில் சமைத்து வைத்துவிட்டு, கம்பெனிப் பேருந்தைப் பிடித்து, நாள் முழுக்க இயந்திரத்தில் உட்கார்ந்து, மாலையில் வந்து வீடு கூட்டவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். குர்ஆன் ஓத நேரம் இல்லை, தஹஜ்ஜுது தொழவில்லை, நாமெல்லாம் என்ன முஸ்லிம் என்று அழுகிற சகோதரிகள் உண்டு. ஹன்ளலா (ரலி) என்ற ஸஹாபி இதேபோல அழுதார்கள். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் தெரிகிறது, வீட்டுக்குப் போய் மனைவி மக்கள், தொழில் என்று இறங்கினால் பெரும்பகுதி மறந்துவிடுகிறது, நான் நயவஞ்சகன் ஆகிவிட்டேன் என்றார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களே எனக்கும் அப்படித்தான் என்றார்கள். இருவரும் நபியவர்களிடம் போனார்கள். அதற்கு ஒரு நேரம், இதற்கு ஒரு நேரம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். முஸ்லிம் நூலில் இது வருகிறது. குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற ஹதீஸும் உங்களுக்குத் தெரியும். பேருந்தில் போகும்போது ஓதுகிற நான்கு ஸலவாத்தை அற்பமாக நினைக்காதீர்கள்.

வியாபாரத்தில் நொடித்துப்போன சகோதரர்களும் இருக்கிறார்கள். தோல் தொழிலில் ஏற்றம் இறக்கம் சகஜம் என்று வாயால் சொல்கிறோம். ஆனால் நேற்று வரை முதல் ஸஃப்பில் நின்றவர், கடை மூடிய பிறகு கடைசி ஸஃப்பில் நின்று, ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாக வெளியே போய்விடுகிறார். யார் முகத்தையும் பார்க்க அவருக்கு முடியவில்லை. அவரைத் தேடிப் போக வேண்டியது நம் வேலை. போய் வியாபாரத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தத் தாயின் கதையை முடிக்காமல் போகக் கூடாது.

நாம் அவருடைய வீட்டுக்குப் போனோம். போவதற்கு எவ்வளவு நாள் ஆயிற்று தெரியுமா? நான்கு மாதம். என்ன சொல்வது என்று சரியான வார்த்தை தேடிக்கொண்டிருந்தோம். மன்னிப்புக் கேட்பதிலும் குறை இருக்கக் கூடாதாம்! கடைசியில் ஒரு வார்த்தையும் தயார் செய்யாமல் போய் நின்றோம். தவறு எங்களுடையது என்றோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பரவாயில்ல பாய், நீங்க வந்தீங்களே” என்றார். மகள் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அதுவும் அவளுடைய உரிமை.

திரும்பி வந்து நடவடிக்கைக் குறிப்பில் அந்த வரியை அடித்து, கீழே நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நிர்வாகக் குழுவில் சிலருக்குப் பிடிக்கவில்லை, அறக்கட்டளையின் பெயர் என்ன ஆவது என்றார்கள். ஆனால் குழு ஒன்றைத் தீர்மானித்தது. கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் காட்டினால் ஒரு வாரத்துக்குள் கட்டணம் நேரடியாகக் கல்லூரிக்குப் போய்விடும். மற்றக் காகிதங்கள் பிறகு வரலாம். இன்றும் அப்படித்தான் நடக்கிறது. கோப்புகள் முன்பு போல அழகாக இல்லை. இந்த வருடம் தணிக்கையாளர் ஆறு இடத்தில் கேள்வி கேட்டிருக்கிறார். ஆறுக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பிள்ளை அடுத்த வருடம் கல்லூரியில் சேர்ந்தாள். அவள் விரும்பிய பாடப்பிரிவு கிடைக்கவில்லை, வேறு ஒன்றில் படித்தாள். போன வருடத்தை நாம் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. எல்லாம் நல்லதற்கே என்று சொல்லி அதையும் பூசி மூட நமக்கு விருப்பம் இல்லை. அது நம் கணக்கில் நிற்கிறது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் மூன்று முறை இஸ்திக்ஃபார் சொல்கிறோமே, அப்போது அது நினைவுக்கு வருகிறது. தொழுது முடித்ததும் ஏன் பாவமன்னிப்புக் கேட்கிறோம், தொழுகை நல்ல அமல்தானே என்று சிறுவயதில் கேட்டதுண்டு. நல்ல அமலிலும் நம் குறை கலந்திருக்கிறது என்பதால்தான் என்று இப்போது புரிகிறது. நோன்பில் ஏற்படும் குறைக்கு ஃபித்ரா, ஃபர்ளுத் தொழுகையின் குறைக்கு நஃபில், மறதிக்கு ஸஜ்தா. நம்மைப் படைத்தவன் நம்மை அறிந்துதான் இவற்றை வைத்திருக்கிறான்.

நம் ஊர் ஏரியைப் பாருங்கள். பல்லவ மன்னர் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில் வெட்டியது என்பார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் நிற்கிறது. கரையில் விரிசலே விழாததாலா நிற்கிறது? எத்தனையோ மழைக்காலத்தில் கரை அரித்திருக்கும், மதகு பழுதாகியிருக்கும், வண்டல் ஏறியிருக்கும். யாரோ ஒவ்வொரு முறையும் மண் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். வெட்டியவர்களும் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் எங்கள் கரை தாங்கும் என்று வீம்பு பேசவில்லை. மிஞ்சின தண்ணீர் போகக் கலங்கல் வைத்தார்கள். கலங்கல் இல்லாத ஏரி ஒரே மழையில் உடைந்துபோகும்.

பிள்ளைகளே, இன்று உதவித்தொகை வாங்கிக்கொண்டு போகிறீர்கள். நன்றாகப் படியுங்கள். வேலையைத் திருத்தமாகச் செய்யுங்கள், அதுவும் மார்க்கம்தான். தவறினால் மூன்று கேள்வி கேளுங்கள். இது திரும்பச் செய்ய வேண்டியதா, சரிக்கட்ட வேண்டியதா, விட்டுவிட்டு நடக்க வேண்டியதா? உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் ஹஜ்ரத்திடம் சொல்லுங்கள். அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். மதிப்பெண் குறைந்ததற்காக யாருக்கும் இங்கே கதவு சாத்தப்படாது. பெயரில் எழுத்து மாறியிருந்தாலும் சாத்தப்படாது, இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ், எங்கள் குறைகளை எங்களுக்குக் காட்டித் தருவாயாக. அவற்றை மறைக்கப் பொய் சொல்லும் நிலையிலிருந்து எங்களைக் காப்பாயாக. எங்களால் பாதிக்கப்பட்டவர்களிடம் போய் நிற்கும் துணிவைத் தருவாயாக. எங்கள் பிள்ளைகள் தவறி விழும்போது ஓடி வருகிற இடமாக எங்கள் வீடுகளை ஆக்குவாயாக. எங்கள் குறையுள்ள அமல்களை உன் கிருபையால் ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.